அம்மி உடைந்த கல்யாணம்

அந்தச் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. முறுக்கு ஒடிவதைவிடக் கொஞ்சம் கனமாக, தாழ்ப்பாள் விழுவதைவிடக் கொஞ்சம் லேசாக, 'டக்' என்று ஒரே ஓர் ஒலி. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியிருந்த நேரம் என்பதால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

என் தங்கை வசந்தா மணமேடையில் அம்மியின் மேல் நின்றிருந்தாள். தாலி கட்டி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை குமார் அவள் காலடியில் குனிந்து மெட்டி போட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்ட அதே நொடியில் இருவரும் நான்கு விரற்கடை கீழே இறங்கினார்கள். அம்மி நடுவில் இரண்டாகிக் கிடந்தது.

"இந்தக் கல்லைப் போல உறுதியாக இரு" என்று பொருள்படும் மந்திரத்தைப் புரோகிதர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். திறந்த வாயை மூட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

எந்த மாதம் என்பதில் ஒரு தகராறு

தேதி விஷயத்தில் நான் கறாரானவன் என்பது இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு என் மனைவி சொல்வாள். இந்தக் கல்யாணம் தொண்ணூற்றொன்றில் நடந்தது. அந்த ஆண்டைச் சொன்னால் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் எல்லோருக்கும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதற்குச் சில மாதங்கள் முன்பு, வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம்.

தை மாதக் கடைசியா, மாசி முதலா என்பதில் மட்டும் எனக்கும் மனைவிக்கும் இன்னும் முடிவாகவில்லை. மண்டபத்துக் கிணற்றடியில் காலையில் பனி இருந்தது என்கிறேன் நான். பந்தியில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள் என்கிறாள் அவள். அழைப்பிதழைப் பார்த்தால் தீர்ந்துவிடும். அதைக் கரையான் பார்த்துவிட்டது.

மண்டபம் பஸ் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. பெங்களூர் சாலையில் லாரி போனால் மேடையில் வைத்த குத்துவிளக்கின் சுடர் ஆடும். இன்றைக்கு அந்த இடத்தில் கம்பெனிப் பையன்கள் தங்கும் மாடிக் கட்டடம் நிற்கிறது.

முனுசாமி மேஸ்திரியின் கல்

மாப்பிள்ளை வீடு சேரப்பணஞ்சேரி. சம்பந்தி முனுசாமி, கல்குவாரி மேஸ்திரி. ஆள் பார்க்கவே ஒரு பாறையில் கை கால் முளைத்தது போல இருப்பார். பேச்சு குறைவு. கல்லைப் பற்றி மட்டும் கேட்டால் நிறுத்த மாட்டார்.

மண்டபத்திலேயே அம்மி உண்டு. நூற்றுக்கணக்கான பெண்கள் மிதித்து, ஒரு மிளகாய்கூட அரைக்காத அம்மி. ஆனால் மேஸ்திரி ஒப்பவில்லை. தன் மகன் கல்யாணத்துக்குத் தன் கையால் செய்த கல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கொண்டுவந்து இறக்கியபோது எங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் குழம்பினார்கள். அம்மி என்றால் கனமாக, தூக்கும்போது இடுப்பு பிடிக்கும்படி இருக்க வேண்டும். இது இரண்டரை அடி நீளம், ஒரு சாணுக்கும் குறைவான அகலம், ஒரே அங்குலம் தடிமன். மேல்பக்கம் கண்ணாடி போல வழவழப்பு. நான்கு மூலையிலும் தாமரை.

"இன்னா சம்பந்தி, அம்மியா அப்பளமா?" என்று கேட்டார் என் தாய்மாமன் ஏகாம்பரம்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "கருங்கல்ல இவ்ளோ மெல்லிசா எவனாவது எடுத்துட்டா நான் தொழிலை உட்டுடறேன். ஆனை நின்னாலும் தாங்கும்."

ஆனைக்குப் பதிலாக ஒரு சோதனை நடந்திருந்தது. மேஸ்திரியின் அக்கா கன்னியம்மாள், மாப்பிள்ளைக்கு அத்தை. அவர் வண்டியில் ஏற வந்தால் ஓட்டுபவர்கள் முதலில் டயரைப் பார்ப்பார்கள், பிறகு அத்தையைப் பார்ப்பார்கள். அந்த அம்மா கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க இந்தக் கல்லை வாசலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் மிளகாய்க் காம்பு கிள்ளினாராம். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அவரே மண்டபத்தில் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். இந்தச் சாட்சியம்தான் பின்னால் என் தங்கையின் கழுத்தைப் பிடித்தது.

வீடியோ பாபு

அந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கக் கல்யாணங்களுக்கு வீடியோ வர ஆரம்பித்தது. தோளில் ஒரு தூணைச் சுமந்தது போல கேமரா. பின்னாலேயே ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்த வெளிச்சத்தில் மாலை வாடும், பவுடர் வழியும், புரோகிதருக்குக் கண் தெரியாது. கல்யாணத்தை நடத்துவது அப்பாவா புரோகிதரா என்ற பழைய சந்தேகத்துக்கு அந்த விளக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நடத்துவது வீடியோக்காரர்.

எங்களுக்கு வாய்த்தவர் பெயர் பாபு. பூந்தமல்லிப் பக்கம். தாலி முடிச்சைக்கூட "மாப்ள, அப்டியே இருங்க" என்று சொல்லிப் பிடித்து நிறுத்தி, கேமராவைச் சரி செய்துகொண்ட பிறகுதான் போட விட்டார்.

அம்மி மிதிக்கும் கட்டம் வந்ததும் பாபுவுக்கு ஒரு கவலை. கீழே பூ, அட்சதை, தாம்பாளம், குழந்தைகள். "காலே தெரியல சார். கல்லை ஒரு அரை அடி ஏத்துங்க. பொண்ணு ரெண்டு காலையும் மேல வெச்சா ஒரே ஷாட்டுல எடுத்துடலாம்."

ஏகாம்பரம் மாமா இதற்காகவே பிறந்தவர் போல எழுந்தார். ஹோம குண்டம் கட்டிய செங்கல்லில் இரண்டு மிச்சம் இருந்தது. கல்லின் அந்தக் கடைசியில் ஒன்று, இந்தக் கடைசியில் ஒன்று கொடுத்துத் தூக்கி வைத்தார். செங்கல் வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்று பாபு முகம் சுளிக்கவே, கீழே மஞ்சள் துணியைச் சுற்றி மறைத்துப் பூவும் தூவிவிட்டார். மேஸ்திரி அப்போது வாசலில் தன் குவாரி ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்தபோது நான் சமையல்கட்டில் இருந்தேன். மைசூர்பாகு பாகு முற்றிப்போய்க் கல்லாகிவிட்டது என்று முதல் பந்தியில் புகார். ஒரு பெரியவர் தன் மைசூர்பாகுத் துண்டை எடுத்துக் கடைவாயில் ஒரு முறை, முன்வாயில் ஒரு முறை முயன்றுவிட்டு, இலை ஓரமாக மரியாதையாக வைத்துவிட்டார். சமையல்காரரைச் சமாதானப்படுத்திவிட்டு நான் மேடைப் பக்கம் வரவும், மெட்டி வசந்தாவின் விரலில் ஏறாமல் அடம் பிடிக்கவும் சரியாக இருந்தது. குமார் இரண்டு கையையும் கல்லின் மேல் ஊன்றி, உடம்பு பாரத்தையெல்லாம் அதில் போட்டுத் திரும்ப ஒரு முறை அழுத்தினான்.

டக்.

உடைந்த வேகத்தில் செங்கற்கள் சரிந்தன. மாமா குனிந்து துணியோடு அள்ளி அவற்றை ஹோம குண்டத்தின் பக்கம் தள்ளிவிட்டார். செங்கல்லுக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. அங்கே அது இருப்பதைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

விசாரணை

முதலில் பேசியவர் கன்னியம்மாள்தான்.

"நான் குந்தினேன், ஒடையல. ஒரு வாரம் குந்தினேன். ஒட்டடைக் குச்சி மாரி கீறா, கால வெச்சவுடனே ரெண்டாப் பூட்ச்சி. இன்னா கால்மா அது?"

கூட்டத்தில் சலசலப்பு. அம்மி உடைந்தது அபசகுனம் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

குவாரியிலிருந்து வந்திருந்த ஆட்கள் மட்டும் மேடையேறி, உடைந்த முனையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தொழில் புத்தி. ஒருவர், "உள்ள நூல் ஓடியிருக்கும் மேஸ்திரி. மயிரிழை விரிசலு. கண்ணுக்குத் தெரியாது" என்றார். இன்னொருவர், "வெடி வெச்ச எடத்துக் கல்லா இருக்கும். அதிர்ந்து பூட்டிருக்கும்" என்றார். மூன்றாமவர் வீடியோ விளக்கைக் காட்டினார். "சூடுப்பா. பாறை மேல நெருப்பு போட்டா பலகை பலகையா எழும்புதே, பாத்ததில்ல?"

"லைட்ட சொல்லாத தலைவா" என்றார் பாபு, திடீரென்று பேட்டரி மாற்றும் வேலையில் மூழ்கி.

மேஸ்திரி முகம் கறுத்துவிட்டது. தேங்காய் உடைக்கும் கத்தியை வாங்கி, அதன் பின்பக்கத்தால் ஒரு பாதியைத் தட்டினார். கிண் என்றது. மற்ற பாதியையும் தட்டினார். அதுவும் கிண். "நூலு இருந்தா தொம்முனு கேக்கும். கேக்குதா? விரிசல் வுட்ட கல்லையா என் மருமவளுக்குக் கொண்டாருவேன்? கல்லு மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப பொண்ணு மேலதான்" என்றார் அக்கா. "நீயே சொல்லிட்ட."

மேஸ்திரி தான் விரித்த வலையில் தானே நின்றார். கல் சரியில்லை என்றால், குவாரி ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் முப்பது வருடத் தொழில் போச்சு. கல் நல்ல கல் என்றால், வீட்டுக்கு வந்த மருமகள் போச்சு.

கன்னியம்மாள் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "தாலி கட்டினது கட்டினதுதான். அத யாரும் மாத்த முடியாது. பொண்ணு இன்னிக்கி நம்ம வூட்டுக்கு வர வேணாம். ஜோசியரப் பாத்துட்டு அப்பறமா அழச்சிக்கலாம்."

அப்பறமா என்ற சொல்லின் நீளம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாலியோடு பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு பெண் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். குமார் மெதுவாக, "நானுந்தான் அத்த கல்லு மேல கைய ஊனிக்கினு இருந்தேன்" என்றான்.

"நீ சொம்மா இரு. இன்னும் மாலை வாடல, அதுக்குள்ள பரிஞ்சிக்கினு வர."

நடுவில் கொஞ்சம் கல் பற்றி

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் தங்கையை மேடையில் அப்படியே நிறுத்திவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போகிறேன். அவள் பரவாயில்லை என்பாள். பொறுமைசாலி.

கல் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். அதை இழுத்தால் தாங்காது. கல்லுக்குள் இருக்கும் மணிகள் ஒன்றை ஒன்று நெருக்கும்போது உறுதியாக நிற்கின்றன. பிரித்து இழுக்கும்போது விட்டுவிடுகின்றன. குவாரியில் பெரிய பாறையைப் பிளக்கும்போது வரிசையாகச் சின்னக் குழிகள் போட்டு, ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் தட்டுவார்கள். ஆப்பு கல்லை நசுக்குவதாக நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நசுக்கினால் வருடக் கணக்காகும். ஆப்பு இரண்டு பக்கமும் தள்ளிப் பிரிக்கிறது. அதனால்தான் கோடு போட்டது போல விடுகிறது.

பலகைக் கல்லை இரண்டு முனையில் தாங்கி நடுவில் பாரம் வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. மேல்பக்கம் நெருங்குகிறது, அதற்குக் கவலை இல்லை. அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கேதான் முதல் விரிசல் பிறந்து மேலே ஏறுகிறது. கல்லை அப்படியே தரையில் போட்டால் வளைய இடமே இல்லை. கன்னியம்மாள் என்ன, அவரைப் போல நான்கு பேர் உட்காரலாம்.

கோயில் மண்டபத்தில் இவ்வளவு தூண்கள் ஏன் என்று சின்ன வயதில் எனக்குக் கோபம் உண்டு. எங்கே நின்றாலும் ஒரு தூண் சாமியை மறைக்கும். கட்டினவர்களுக்குத் தூண் மேல் ஆசை என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு இருந்தது ஆசையில்லை, பயம். கல் விட்டத்தை நீளமாகப் போட்டால் அடிப்பக்கம் பிளக்கும். எனவே பக்கத்துப் பக்கத்தில் தூண்.

வீட்டில் சாக்பீஸ் இருந்தால் முயன்று பாருங்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே நேராக வைத்து அழுத்தினால் கைதான் வலிக்கும். ஒடித்தால் குறுக்கே நேராக ஒடியும். துணி பிழிவது போல முறுக்கினால் சாய்வாக, திருகாணி போன்ற வெட்டோடு ஒடியும். உடைந்த முகத்தைப் பார்த்தே எப்படி உடைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த மேடையில் அந்தத் திறமை தாய்மாமன் ஒருவருக்கே வாய்த்திருந்தது.

வசந்தாவின் மகன் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். உதிரிபாகத்தை இரண்டு முனையில் தாங்கி நடுவில் மெஷினால் அழுத்தி உடைத்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவன் ஒருநாள் சொன்னான்: "அம்மா அன்னிக்கி செஞ்சதைத்தான் மாமா நாங்க டெய்லி செய்யறோம். அம்மாவைத் திட்டின மாரி மெஷினை யாரும் திட்டறதில்ல, அவ்ளோதான்."

மைசூர்பாகு

மேடைக்கு வருகிறேன். வசந்தா அதுவரை மணப்பெண்ணுக்கு உரியபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"அத்த, உங்க வூட்ல இந்தக் கல்லு எதும்மேல இருந்திச்சி?"

"எதும்மேல இருக்கும். தரையிலதான்."

"நான் நிக்கும்போது தரையில இல்ல. ரெண்டு கடைசியிலயும் செங்கல்லு. நடுவுல வெத்து. ஏகாம்பரம் மாமாதான் வெச்சாரு. வீடியோக்காரு சொன்னாரு."

மாமா ஹோம குண்டத்தைப் பார்த்தார். மாமி மாமாவைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றார் மாமா, தன் வேட்டிக் கரையிடம் சொல்வது போல. மஞ்சள் துணிக்குள்ளிருந்து செங்கற்கள் வெளியே வந்தன.

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. "செங்கல்லு மேலயா வெச்சீங்க? அடப்பாவிங்களா, எதும்மேல வெச்சீங்கன்னு நான் அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே. அக்கா, அதாங்கா விஷயம். கல்லு மேலயும் இல்ல, பொண்ணு மேலயும் இல்ல."

அக்கா அசையவில்லை. "செங்கல்லு மேல வெச்சா ஒடைஞ்சிருமா? எங்க, வையி. நான் ஏறி நிக்கறேன்."

வைத்தார்கள். உடைந்த பாதி ஒன்றை இரண்டு செங்கல்லுக்கு மேல் பாலம் போல வைத்தார்கள். கன்னியம்மாள் இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏறினார். கல் உடையட்டும் என்று மண்டபமே வேண்டிக்கொண்டது. எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கல் உடையவில்லை.

"பாத்தியா" என்றார் கன்னியம்மாள், கல் மேலிருந்தே. "செங்கல்லும் கீது, நடுவுல வெத்தும் கீது. நான் நிக்கறேன். ஒடைஞ்சிச்சா?"

மேஸ்திரி தவித்தார். "அது பாதிக்கா. நீளம் கொறஞ்சிபோச்சி. நீளம் இருந்தாத்தான்..."

"பாதின்னா இன்னா, அதே கல்லுதானே."

நீளம் பாதியானால் தாங்கும் சக்தி இரட்டிப்பாகும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். புத்தகத்தில் படித்திருந்தேன். நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "பந்தியில மோர் வந்திச்சா?" என்று கேட்டார்.

முழு நீளக் கல் இன்னொன்று இல்லை. இருந்தாலும் அதன் மேல் அத்தையை ஏற்றி உடைத்துக் காட்ட யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

வசந்தா மேடையில் சுற்றிலும் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சீர்த்தட்டு இருந்தது. அதில் அழகுக்காக ஒரு சாண் நீளத்தில் வெட்டி அடுக்கிய மைசூர்பாகு. அவள் அதில் ஒன்றை எடுத்தாள். தாம்பூலத் தட்டில் இருந்து இரண்டு கொட்டைப்பாக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். முனைக்கு ஒன்றாக அவற்றின் மேல் மைசூர்பாகை வைத்தாள்.

"அத்த, பாருங்க."

நடுவில் ஒரு விரலால் அழுத்தினாள். டக். அதே சத்தம். சின்னதாக, ஆனால் அதே சத்தம்.

இன்னொன்றை எடுத்து வெறும் தட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். வளையல் குலுங்கியது. மைசூர்பாகு அசையவில்லை. பிறகு முதலில் உடைந்த பாதியை எடுத்து, பாக்குகளை நெருக்கி, அவற்றின் மேல் வைத்து அதே விரலால் அழுத்தினாள். உடையவில்லை.

"நீங்க நின்னது இந்த மாரி பாதி மேல, அத்த."

கன்னியம்மாள் கல்லிலிருந்து இறங்கி வந்தார். தட்டின் முன் உட்கார்ந்தார். அவரே ஒரு முழுத் துண்டைப் பாக்கு மேல் வைத்து அழுத்தினார். டக். பாதியை வைத்து அழுத்தினார். உடையவில்லை. இன்னொரு முழுத் துண்டு. டக். மூன்றாவதையும் உடைத்தபோது அவர் முகத்தில் ஒரு குழந்தையின் சுவாரசியம் வந்திருந்தது. குவாரி ஆட்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து, அடிப்பக்கம்தான் முதலில் விடுகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் அத்தை ஒரு பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடித்தார். பக்கம் மாற்றிக் கடித்தார். மண்டபம் பொறுமையாகக் காத்திருந்தது.

"கல்லு நல்ல கல்லுதான்டா முனுசாமி" என்றார், ஒருவழியாக வாய் ஒழிந்ததும். "பொண்ணும் நல்ல பொண்ணுதான். மைசூர்பாகுதான் சரியில்ல."

புரோகிதர் நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். இரண்டு பாதிக் கல்லையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. காலில் எண்ணெய் தடவியதும் மெட்டி ஒழுங்காக ஏறியது. அந்த யோசனையை முதலிலேயே யாரும் சொல்லவில்லை. வீடியோவுக்குக் காலே தெரியவில்லை என்று பாபு சொல்லவில்லை.

பொழுது சாயும் முன் வசந்தா சேரப்பணஞ்சேரிக்குக் கிளம்பினாள். அம்பாசிடரில் பின்சீட்டில் நடுவில் அவள். ஒரு பக்கம் குமார். மறுபக்கம் கன்னியம்மாள், மடியில் ஒரு டப்பா மைசூர்பாகு.

காஸெட்

சில வாரம் கழித்து வீடியோ காஸெட் வந்தது. சேரப்பணஞ்சேரி வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தோம். தாலி முடிச்சு நன்றாக வந்திருந்தது. பிறகு அம்மி மிதிக்கும் காட்சி.

திரை முழுக்கப் புரோகிதரின் முதுகு. பூணூல், வியர்வை, கொஞ்சம் புகை. கால் இல்லை, கல் இல்லை, மெட்டி இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து 'டக்' என்று சத்தம் மட்டும் வந்தது.

"அதான்" என்றார் கன்னியம்மாள், பக்கத்தில் இருந்த பெண்ணின் தொடையில் தட்டி. "அதான் என் மருமவ கல்ல ஒடச்சது. கருங்கல்லு. என் தம்பி செஞ்சது. நான் ஒரு வாரம் குந்தியும் ஒடையாத கல்லு. இவ கால வெச்சா, ரெண்டாப் பூட்ச்சி."

அன்றிலிருந்து அந்தத் தெருக் குழாயடியில் தகராறு வந்தால் அத்தை முன்னால் போவதில்லை. மருமகளை அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று, "பாத்து பேசு, அவ கல்லையே ஒடச்சவ" என்பார். வசந்தாவுக்குக் குடம் எப்போதும் முதலில் நிரம்பிவிடும்.

நான் ஒருமுறை அவளிடம் கேட்டேன், உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று. வசந்தா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னாண்ணா வந்திச்சி. மொதல் ஆளா தண்ணி கெடைக்குது" என்றாள்.

கன்னியம்மாளுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஓரகடம் சாலையில் ஷிப்ட் பஸ்கள் போவதைப் பார்த்தபடி, வீட்டு வாசலில் அந்தக் கல்லின் ஒரு பாதி மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தாலும் கதையைச் சொல்கிறார். கல் வருகிறது, கால் வருகிறது, மைசூர்பாகுகூட வருகிறது. செங்கல் மட்டும் வருவதில்லை.